மிராசு போருக்கும் கீழே

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட மாட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டுதான் கோபப்படுவார். பசியைப் பார்த்த வீட்டில் பிறந்தவர்கள் அப்படித்தான். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே அவர் கோபப்பட்டதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷம், மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் எங்கள் வாசலுக்கு வந்து, எங்கள் வயலுக்குச் சும்மாவே தண்ணீர் தருவதாகச் சொன்ன அன்றைக்கு.

எங்கள் ஊர் பூம்புகார்ப் பக்கம். காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீரில் பூதலூர்க்காரர்கள் நாற்று விட்டு, நட்டு, களையும் எடுத்து முடித்த பிறகு எங்கள் வாய்க்காலுக்கு வரும். வந்தால். சென்னையில் ஆட்சி மாறும், பள்ளிக்கூடத்துச் சுவரில் சின்னம் மாறும், எங்கள் வாய்க்காலில் காட்டாமணக்கு மட்டும் மாறாமல் நிற்கும். தண்ணீர் வரும் என்று இரண்டு கட்சிக்காரர்களும் சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் நம்பித்தான் சொல்லியிருப்பார்கள். நம்புவதற்குச் செலவா என்ன.

அந்த வயல் மூன்று மா. ஒரு ஏக்கர். தாத்தா அந்த மிராசுதார் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர், அப்பாவும் மீசை முளைக்கும்வரை அங்கேதான் இருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், கூடுதலாக இருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டம் கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு நடந்தே வந்தது போலிருக்கிறது, அவ்வளவு தாமதம். கடைசியில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வயலில் கொடி நட்டார்கள். அப்பா திருச்சி ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்த பிறகும் கேஸ் நடந்து, தாசில்தார் மாறி, சர்வேயர் வந்து, ஒருவழியாகப் பட்டா கைக்கு வந்தது. அன்றைக்கு அப்பா வயலில் இறங்கவில்லை. வரப்பில் மட்டும் நான்கு பக்கமும் நடந்துவிட்டு வந்தார் என்று அம்மா சொல்வாள்.

நிலம் வந்ததும் பேச்சு முறையும் மாறியது. அதுவரை அப்பாவை 'வாடா, போடா' என்றுதான் காரியக்காரர் கூப்பிடுவார். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 'வாங்க' என்று சொல்ல நாக்கு புரளவில்லை. அதனால் 'வரலாமே', 'உக்காரலாமே' என்று ஆளே இல்லாத பேச்சாகப் பேசினார். அன்றைக்கும் அப்படித்தான்.

"தண்ணி வேணும்னா நம்ம போர்லேருந்து விட்டுக்கலாமாம். ஐயா சொல்லச் சொன்னாரு. ஒண்ணும் தர வேணாமாம்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அப்பா தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். காசு கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார், விளைச்சலில் பங்கு கேட்டிருந்தால் சங்கத்தைக் கூட்டியிருப்பார். சும்மா கொடுப்பவனிடம் என்ன செய்வது? அம்மாவுக்கு இதிலெல்லாம் குழப்பமே இல்லை. நாற்றங்காலில் நாற்று வயது தாண்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்ன அவர்கள் வீட்டு அண்டாவிலா ஊறுகிறது, பூமித் தண்ணீர்தானே, விட்டுக்கொள்வோம் என்றாள். அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நானும் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறேன்."

நான் அப்போது ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். ரோஷம் ஒரு ஏக்கரை நனைக்குமா என்று அம்மா கேட்டது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

சொந்தமாகப் போர் போடுவது என்று முடிவானது. அதற்கு எப்படி வழி பிறந்தது என்பதற்கு, அம்மாவின் காதும் கழுத்தும் வெறிச்சென்று ஆனதைச் சொன்னால் போதும். சங்கத்தார் அலைந்து கரண்டு இணைப்பு வாங்கித் தந்தார்கள். கரண்டு இலவசம். விவசாயிக்கு அரசாங்கம் கொடுத்ததிலேயே சொன்னபடி வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

போர் போடும் ஆட்கள் வந்து வயல் மூலையில் சவுக்குக் கட்டைகளை முக்காலி போல நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் எல்லாம் கைபோர்தான். சாணித் தண்ணீரை ஊற்றி ஊற்றி, குழாயைத் தூக்கிக் குத்தி இறக்க வேண்டும். தெருவே திரண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள், வேலைக்கு மட்டம் போட்டவர்கள், எல்லாரும். எங்கள் தெருவில் முதல் போர் அது. வெளியே வரும் மண்ணை மேஸ்திரி சிறுசிறு குவியலாக வைத்துக்கொண்டே வந்தார். வண்டல், பொடிமணல், பிறகு நொய்யரிசி போலப் பருமணல். அதைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதுதான் நல்ல மட்டம், இங்கேயே தண்ணீரை வடிகட்டும் பில்டர் குழாயை இறக்கிவிடலாம் என்றார். எல்லாரும் எழுந்து துண்டை உதறினார்கள்.

"மிராசு வூட்டுப் போரு எத்தினி அடி?" என்று அப்பா கேட்டார்.

"இதே மட்டம்தாண்ணே. அதுவும் நாங்க போட்டதுதான்."

அப்பா வயலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மிராசு மோட்டார் கொட்டகையைப் பார்த்தார்.

"அப்ப இன்னும் எறக்கு."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். இதற்குக் கீழே களி, களிக்குக் கீழே எப்படி இருக்கும் என்று சொல்வதற்கில்லை, கடல் கிட்டத்தில் இருக்கிறது என்று இழுத்தார். ஆனால் அவருக்கு அடிக்கணக்கில் கூலி. தெருவும் அவரைப் பேச விடவில்லை. 'எறக்கு, எறக்கு' என்று குரல் கொடுத்தது. களியில் குழாய் சிக்கிக்கொண்டபோது நான்கைந்து இளவட்டங்கள் தாங்களே சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்க் குத்தினார்கள். ஒவ்வொரு குழாய் உள்ளே போகும்போதும் விசில். எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்குக் கீழேயே இருந்து பழகிய நாங்கள், கடைசியில் கீழே போவதிலேயே அந்த வீட்டை ஜெயித்தோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அப்பா ஆழத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விட்டார்.

மோட்டார் போட்ட அன்றைக்குக் கற்பூரம் காட்டினோம். தண்ணீர் கண்ணாடி போல வந்தது, குழாய் நிறைய வந்தது. அப்பா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். விழுங்க ஒரு நொடி கூடுதலாக ஆனது. புதுத் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்றார். தெருவே வரிசையில் வந்து குடித்தது. ஒருவர் இரும்பு வாடை என்றார். இன்னொருவர் சாணித் தண்ணீர் இன்னும் அடங்கவில்லை என்றார். உடம்புக்கு நல்லது என்று சொன்னவரும் உண்டு. நான் குடித்துவிட்டு, "உப்பு" என்றேன். அம்மா என் இடுப்பில் கிள்ளிய கிள்ளல் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அப்பாமேல் இருந்த பிரியத்தில் ஒருவரும் சொல்லவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பிரியம் உள்ளவர்கள் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது?

ஓட ஓட உப்பு கழிந்துவிடும் என்று அப்பா நம்பினார். கரண்டு இருக்கும் நேரமெல்லாம் மோட்டாரை ஓட விட்டார். ஓட ஓட உப்பு ஏறியது. நட்ட நாற்று நுனியிலிருந்து பழுத்துக்கொண்டே வந்து தூரில் கருகியது. வயல் காய்ந்த இடத்திலெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார், பிறகு வரவில்லை. போரைக் களிமண் போட்டு மூடிவிடலாம் என்று சங்கத்துச் செயலாளர் பதமாகச் சொல்லிப் பார்த்தார். மிராசு போர் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் ஏன் மூட வேண்டும் என்று அப்பா கேட்டார். செயலாளர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கேள்வி நியாயம்தான், அது வேறு விஷயம்.

மறு வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. உப்பைக் கரைத்துக்கொண்டு போய் வடிகாலில் விட்டது. அப்பா மழையை நம்பியே சம்பா போட்டார். பயிர் தூர் கட்டி நின்றது. அந்தக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாகூட அப்பாவைச் சீண்டினாள், மிராசு இவரிடம் தண்ணீர் கேட்டு வரப்போகிறார் என்று. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை. ஒரே ஒரு தண்ணீர் கட்டினால் போதும், விளைந்துவிடும்.

மிராசு போரிலிருந்து கேட்டால் கொடுத்திருப்பார்கள். காரியக்காரர் 'விட்டுக்கலாமே' என்று அதே பேச்சைப் பேசியிருப்பார். அம்மா, தான் போய்க் கேட்பதாகச் சொன்னாள், அப்பா அங்கே போய் நிற்க வேண்டியதில்லை என்றாள். அப்பா எழுந்து போனார். அவர் எங்கே போகிறார் என்று எங்களுக்குப் புரிவதற்குள் எங்கள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தெரிந்தேதான் போட்டார். வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாமல் போட்டாரா, வீம்பில் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கதிரெல்லாம் பதராகி நின்றது. அறுக்கக்கூட இல்லை, மாட்டை விட்டோம். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு வரப்புப் புல்லுக்குப் போனது.

வயலோடு போயிருந்தாலாவது சரி. அடுத்த கோடையில் எங்கள் தெரு அடிபம்பும் கரிக்க ஆரம்பித்தது. களிக்குக் கீழே தன் பாட்டில் கிடந்த உப்பை நாங்கள் ஓட்டை போட்டு மேலே கூப்பிட்டுவிட்டோம். அப்பாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேலிதான் செய்தார்கள், அதுவும் அவர் இல்லாதபோது. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள், நாம் இரண்டையும் ஒரே மடக்கில் முடித்துவிடுகிறோம் என்றார் பக்கத்து வீட்டு மாமா. எங்கள் தெருவில் உலை வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது சிரிப்பு இல்லை.

மிராசு போர் வயலுக்கு அந்தக் கோடியில், தள்ளி இருந்ததால் கெடவில்லை. எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு அந்தக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. முறை வைத்து மோட்டார் போட்டுவிட ஆள்கூட வைத்தார்கள். அந்த மிராசுதார் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். எந்த வாசலில் போய் நிற்கக் கூடாது என்று அப்பா ஜெயிலுக்குப் போனாரோ, அதே வாசலில் அம்மா இடுப்பில் குடத்தோடு நின்றாள். அந்தக் குடத்துத் தண்ணீரை அப்பா குடித்தார். எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இறால் பண்ணைக்கு இடம் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். எங்கள் வயலைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். இறால் குட்டை வந்தால் பக்கத்து வயல்களும் சேர்ந்து சாகும் என்று சங்க மேடையில் பேசியவர் அவர். நெல் விளைந்த மண்ணில் வேறு எதுவும் நடக்காது என்றார். வந்தவர் வற்புறுத்தவில்லை. தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மோட்டாரைப் போடச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நாக்கில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை.

"ஐயா, இந்தச் சுத்துவட்டாரம் பூரா பாத்துட்டேன். இப்படி ஒரு தண்ணி எங்கயும் இல்லிங்க."

அப்பாவை 'ஐயா' என்று ஒரு வெளியாள் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தத் தண்ணீரை மனதாரப் புகழ்ந்தவரும் அவர் ஒருவர்தான். அப்பா துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு, "மிராசு போர்த் தண்ணி பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தோங்க. அது சப்புனு இருக்கு, எதுக்கும் ஆவாது. உங்க தண்ணிக்குக் கிட்ட வர முடியாதுங்க."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. சரி, எடுத்துக்குங்க என்று அப்பா சொல்லிவிட்டார். வந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஐயாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டா என்று என்னிடம் சொன்னார். வீட்டில் தண்ணீர் இல்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு மிராசு கொட்டகைக்குப் போயிருந்தாள், இன்னும் திரும்பவில்லை.