தொத்தோரேயின்ரை துவக்குகளைத் துடைச்ச காலம்

வீட்டுவேலையிலை கக்கூஸ் கழுவலாம், கிழவரைக் குளிப்பாட்டலாம், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம். ஆனால் துவக்குக்குப் பயந்து மன்னாரிலையிருந்து ஓடிவந்தவனுக்குத் துவக்குத் துடைக்கிற வேலை கிடைச்சால் அவன் என்ன செய்யிறது? இத்தாலியிலை, பலர்மோவிலை, சிஞ்ஞோரா எண்டு கூப்பிடுற வீட்டுக்கார அம்மாமாரின்ரை வீடுகளிலை மாடாய் உழைச்ச சகோதரங்களே, உங்களுக்கெண்டாலும் என்ரை நிலைமை விளங்கும். தொண்ணூறுகளின்ரை நடுவிலை நடந்த சங்கதி. என்ரை மனுசி ரீற்றாவும் சின்னவனும் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை இத்தாலி விசாவுக்குக் காத்திருந்தவை. தமிழாக்கள் தங்கிற லொட்ஜ் எண்டால் எந்த நேரமும் சோதனை வரும். இஞ்சை என்னிலை ஒரு தூசி பட்டாலும் அவையின்ரை விசா போச்சு. அந்தப் பயத்தோடைதான் நான் எழும்பிறது, படுக்கிறது எல்லாம்.

கண்ணாடி அலுமாரி

முதலாளி இளைப்பாறின கண் டொக்டர். 'தொத்தோரே' எண்டுதான் கூப்பிடுறது. கலியாணம் கட்டாதவர், புருசன் செத்த தங்கச்சியோடை இருந்தவர். முதல் நாளே ஒரு அறையைத் திறந்து காட்டினார். சுவர் முழுக்கக் கண்ணாடி அலுமாரி; உள்ளுக்கை வெல்வெற் துணியிலை ரிவோல்வர்கள் வரிசையாய்ப் படுத்திருக்குது. நான் வாசல்படியைத் தாண்டேல்லை.

அந்த மனுசனெண்டால் சந்தோசமாய்ப் பாடம் எடுக்கத் துவங்கிவிட்டார். இதுகளுக்கு இப்பத்தைத் தோட்டா சரிவராதாம். வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இடிச்சு இறுக்கி, பின்னாலை சின்னச் செப்புத் தொப்பி மாட்டினால்தான் வெடிக்குமாம். உருக்கிலை கொடி, இலை, வேட்டைநாய், மான் எல்லாம் உளியாலை செதுக்கியிருக்கு. அப்பிடிச் செதுக்கினது கிடைக்கிறது வலு அருமையாம். வடிவுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அந்தக் குழல் ஓட்டை என்னைத்தானே பாக்குது! நான் பின்வாங்கிறதைக் கண்டிட்டுத் தொத்தோரே என்ரை பேரை இத்தாலிச் சாயலிலை இழுத்துச் சொன்னார்: "பயப்பிடாதை செபஸ்தியானோ, இதுகள் நூறு வருசமாய் வாய் திறக்கேல்லை. இந்த வீட்டிலை வெடிக்கிறது என்ரை தங்கச்சி மட்டும்தான்."

கையுறை

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலை ஒரு அறையிலை நாலுபேர் இருந்தனாங்கள். விசயத்தைக் கேட்டவுடனை என்னோடை அறையிலை இருந்த அன்ரன் கையிலை கிடந்த அகப்பையைக் கீழை போட்டிட்டான். "கைரேகை விழுந்தால் துலைஞ்சாய் மச்சான். எங்கையாவது வெடி கேட்டால் உன்னைத்தான் தேடுவாங்கள்" எண்டான். அடுத்த நாள் துவக்கம் கோப்பை கழுவிற றோசா ரப்பர் கையுறையைப் போட்டுத்தான் அலுமாரியைத் திறந்தன்.

தொத்தோரே அதைக் கண்டு உருகிப்போனார். வேர்வை பட்டால் உருக்குக் கறள் கட்டுமாம். எனக்கு முதல் வேலைக்கு நிண்ட எல்லாரும் வெறுங்கையாலை தடவினவையாம். உடனை வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கித் தந்து, முழுத் துடைப்பையும் என்ரை தலையிலை கட்டிவிட்டார். தப்பப் போனவன் வசமாய் மாட்டினன். அதோடை விட்டாரே? மெதுவாச் சொல்லுங்கோவன் எண்டு நான் மனசுக்கை மன்றாட, வாற போற சிநேகிதருக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார்: "துவக்கிலை இவனுக்கு எவ்வளவு மரியாதை! இந்தத் தமிழரின்ரை ரத்தத்திலையே இருக்குது!"

கரபினியேரி

இப்பிடிச் சேர்க்கிற துவக்குகளைப் பதிஞ்சுதான் வைச்சிருக்கவேணுமாம். அதைச் சரிபார்க்க ஒருநாள் காலமை கரபினியேரி எண்ட இத்தாலிப் பொலிஸ் ரண்டுபேர் சீருடையோடை வந்திச்சினம். தொத்தோரே குளிக்கிறார், தங்கச்சி கோயிலுக்குப் போட்டா. மணி அடிக்கக் கதவைத் திறந்தவன் நான்தான். சீருடையைக் கண்டவுடனை, ஊரிலை பழகின கை, கேளாமலே மேலை போட்டுது. அந்தோனியாரே, ரீற்றாவின்ரை விசா இண்டையோடை முடிஞ்சுது எண்டு நிண்டன்.

அவையள் ஆளை ஆள் பார்த்திச்சினம். வயசான கரபினியேரி என்ரை வெள்ளைக் கையுறையையும் முகத்தையும் பார்த்திட்டுச் சொன்னார்: "கையை இறக்கப்பா. இறக்கினால்தானே எங்களுக்குக் கோப்பி போடலாம்."

கை மட்டும்

தொத்தோரேக்கு ரிவோல்வரின்ரை படத்தை ஒரு சஞ்சிகைக்கு அனுப்ப ஆசை. அளவு விளங்கிறதுக்கு ஆராவது கையிலை பிடிக்கவேணுமாம். தமிழன் துவக்கோடை நிக்கிற படம்! வேறை வினை வேணுமோ? ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். "கை மட்டும்தான்" எண்டு சத்தியம் பண்ண, நம்பிக் கையிலை எடுத்தன். கமெராவைப் பிடிச்சது தங்கச்சி சிஞ்ஞோரா. "சிரி, சிரி" எண்டா. நானும் விசரன்மாதிரிச் சிரிச்சன். நிமிர்ந்து பார்த்தால் சிஞ்ஞோரா கதவடிக்குப் போய் நிண்டு முழு ஆளையும் எடுக்கிறா.

பாலன் பிறக்கிற நத்தாருக்குக் கிட்ட, அந்தப் படத்தைத் தாங்கோ, கிழிக்கவேணும் எண்டு கெஞ்சினன். நான் ரீற்றாவுக்கு எழுதிற கடிதங்களைத் தபாலிலை போடுறது சிஞ்ஞோராதான், விலாசம் அவவுக்குத் தெரியும். குழந்தைமாதிரிச் சிரிச்சுச் சொன்னா: "உன்ரை மனுசி சந்தோசப்படட்டும் எண்டு நத்தார் வாழ்த்தோடை கொழும்புக்கே அனுப்பிப்போட்டன்!"

கொழும்புக்குப் போன படம்

ஐயோ, அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையே இல்லை. கண்ணை மூடினால், சோதனைக்கு வந்தவன் ரீற்றாவின்ரை சூட்கேசைத் திறக்கிறான். உள்ளுக்கை நான், பல்லெல்லாம் தெரியச் சிரிச்சபடி, கையிலை ரிவோல்வர். "இது நூறு வருசத்துப் பழசு சேர், செதுக்கின மானைப் பாருங்கோ" எண்டு அவள் சொல்லி அவன் நம்புவானோ? அவளைக் கொண்டுபோனால் சின்னவன் ஆரோடை நிப்பான்? பஸ்ஸிலை இருந்துகொண்டே அழுதனான், வெக்கமில்லை.

ஸ்தாசியோனே எண்ட ரயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலை நிண்டு திரும்பத் திரும்ப அடிச்சு, ஒருமாதிரி லொட்ஜ் லைன் கிடைச்சு, ரீற்றா கதைக்க வந்தாள். "படம் வந்ததோ?" எண்டன். "வந்தது. முந்தநாள் சோதனையும் வந்தது" எண்டாள். அவள் ஆறுதலாய்ச் சொன்னாள்: "படம் வந்த கையோடை கழுத்தடியிலை வெட்டி முகத்தைச் செபப்புத்தகத்துக்கை வைச்சிட்டு, மிச்சத்தை நெருப்பிலை போட்டிட்டன். அதை விடுங்கோ, ஏனப்பா இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

ஒருத்தரையும் சுடாத அத்தனை துவக்குக்கு நடுவிலை வருசக்கணக்காய் நடுங்கின என்னைக் கடைசியிலை கழுத்தோடை வெட்டினது என்ரை மனுசியின்ரை கத்தரிக்கோல்தான்; விசா கிடைச்சதும், செபப்புத்தகத்துக்கை கிடந்த அந்தத் தலையையும் சின்னவனையும் கொண்டுதான் அவள் பலர்மோவிலை வந்து இறங்கினவள்.