டிரங்க் கால் பெண்ணும் கடலைக்காட்டு மாப்பிள்ளையும்

கல்யாணத் தரகில் ஜாதகம்கூடச் சுலபமாகப் பொருந்திவிடும். ஆளைப் பார்க்காமலே ஜனங்கள் கட்டி வைத்திருக்கும் முடிவுதான் உயிரை வாங்கும். வாத்தியார் என்றால் கஞ்சன், மிலிட்டரி என்றால் குடிகாரன். கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வாயாடி என்று பெயர்

எழுபதுகளின் கடைசியில் வசந்தா எங்கள் ஊர் டெலிபோன் ஆபீஸில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டர். அந்த வேலையைக் கேட்டதுமே வருகிற வரனெல்லாம் நழுவிவிடும். "அடுத்த வரனும் அமையலன்னா வேலையை விட்டுடு" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கோ அந்த வேலை உயிர்.

கீழ்பென்னாத்தூரில் கடலை பயிரிடும் ஏழுமலையின் அம்மாவிடம் போனேன். அந்த அம்மாள் கேட்டார்: "நாள் பூரா ஊரு ஆம்பளைங்களோட பேசுற பொண்ணுக்கு, எம் புள்ளையாண்ட பேச என்னா மிச்சம் இருக்கும்?"

ஊமை என்று பெயர்

டவுனில் துணிக்கடை வைத்திருந்த வசந்தாவின் அப்பா அதற்கும் மேலே போனார். பையனுக்கு நிலம் இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை என்று நான் அடுக்கியதெல்லாம் வீண். "பட்டிக்காட்டான் கடலைச் செடியாண்ட பேசிப் பழகினவன். எம் பொண்ணாண்ட என்னாத்த பேசுவான்?"

மலை சுற்றும் வழியில்

விடுவேனா? பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என இரண்டு பக்கமும் கெஞ்சினேன். எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. பெண் பார்க்க வீட்டுக்குப் போகாமல், மலை சுற்றும்போது 'தற்செயலாக' சந்திக்கலாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாகப் போய்விடலாம். பெண்ணுக்கும் பேர் கெடாது.

பௌர்ணமி சாயங்காலம் இரண்டு குடும்பமும் சேர்ந்து நடந்தது. வசந்தா ஏதோ ஒரு வார்த்தை கடலையைப் பற்றிக் கேட்டாள். அவ்வளவுதான். விதைப்பு, களை, மழை, எலி என்று ஏழுமலை மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலை வரைக்கும் நிறுத்தவில்லை. அவள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள். அலுப்பாக இருக்கிறதோ என்று பயந்து தனியாக விசாரித்தேன். அவள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பேச லைன் போட்டுக் குடுக்குறேன்ணே. எனக்குன்னு ஒருத்தர் பேசுறது இதான் மொத தடவை."

மாமியார் தீர்ப்பு

பேச்சு முடிவாகும் நேரத்தில் அவள் அப்பா, "பொண்ணு வேலையை விட்டுடுவா" என்று தானாக ஆரம்பித்தார். வசந்தா முகம் சுண்டிவிட்டது. ஏழுமலையின் அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "எதுக்கு விடணும்? என் பெரிய புள்ள பம்பாய்ல கெடக்கறான். அவனாண்ட நான் பேசணும்னா யாரு லைன் போட்டுக் குடுப்பா?"

இப்போது கீழ்பென்னாத்தூர் பக்கம் போனால், வசந்தாவைப் பார்த்தவர்கள், டெலிபோன் ஆபீஸ் பெண்கள் வாயே திறக்க மாட்டார்களாமே என்று என்னிடமே சொல்கிறார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன்.