மேலே ஏறும் ரயிலின் கணக்கு

பிள்ளைகளே, உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் கதி, வேகம், ஆர்முடுகல் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் பெரிய ஆள் போலப் பேசித் திரிந்த ஒருவனை எனக்குத் தெரியும். அது நான்தான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ரயில் பாதையோரம் இருந்தது. தலவாக்கலை ஸ்டேஷனிலிருந்து நடந்தால் ஒரு மணி நேரம். அங்கே சாமான் வாங்கப் போகும் ஆண்கள், திரும்பும்போது எங்கள் வளைவில் ரயில் மூச்சு வாங்கி ஏறுகையில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, நாலு எட்டு ஓடி நிற்பார்கள்.

தூரத்தை நேரத்தால் பிரித்தால் கதி என்று பள்ளிக்கூடத்தில் சேர் சொல்லித்தந்த வாரம், நான் பாதையோரம் நின்று எண்ணினேன். ஒரு தந்திக்கம்பத்திலிருந்து அடுத்ததற்கு இருபத்தைந்து. மூன்று நாளும் இருபத்தைந்துதான். லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். தோட்டத்து லொறிக்கு அவரை டிரைவராக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் மலையில் வேலை செய்யாத முதல் ஆள் அவராக இருந்திருப்பார். லைசன்ஸ் வாங்க நுவரெலியாவுக்குக் கிளம்பிய காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“வரும்போது நானுஓயாவுல கோச்சி ஏறுனா, நம்ம வளைவுல எறங்கிரலாமாடா விஞ்ஞானி?”

“எறங்கலாம் மாமா. அதே கோச்சி, அதே வளைவு. இருபத்தஞ்சு எண்ணலாம்.”

“தப்பா போச்சுன்னா ஒங்க சேர்கிட்ட வந்து சண்டை புடிப்பேன்.”

“இவன் பேச்ச கேட்டு நீயும் ஆடு,” என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

மேலேயிருந்து, நானுஓயாப் பக்கமிருந்து, வரும் ரயிலில் எங்கள் லயத்தார் யாரும் அங்கே இறங்கியதில்லை. எங்கள் கடை, சந்தை எல்லாம் கீழே. ஏறும் ரயிலை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

சாயந்தரம் வளைவில் காத்திருந்தேன். ரயில் இறங்கி வந்தது. முதல் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பன்னிரண்டு எண்ணினேன். அடுத்ததற்கு ஒன்பது. வேண்டாம் என்று கத்த வேண்டிய நேரத்தில், தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணத் தொடங்கினேன். படியில் செருப்பும் கையுமாக நின்ற மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் கையசைத்தேன். நான் ஏழு எண்ணும்போது குதித்தார்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சட்டைப்பையில் இருந்த லைசன்ஸ் கசங்கக்கூட இல்லை. லொறிக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அதன்பிறகு ரயில் போகும் நேரத்தில் மாமா வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை.

கதியோடு திசையும் சேர்ந்தால்தான் வேகம் என்பதையும், அது கூடிக்கொண்டே போவதுதான் ஆர்முடுகல் என்பதையும், நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில் சேர் நடத்தி முடித்திருந்தார். பிறகு பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்த்து விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொண்டு, பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன்.

வார்டில் முதல்முறை என்னைப் பார்த்தபோது மாமா கட்டிலருகே இழுத்துக்கொண்டார். அம்மாவுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: “நீ எண்ணுன கணக்கு சரிதான்டா. செருப்புதான் வழுக்கிருச்சு.”

கணக்கு சரி என்ற நிம்மதியில், திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கையில் இருந்த செருப்பு எப்படி வழுக்கும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.