தாயே என்று அழைக்கப்பட்ட நாட்கள்

இடுப்பு வலித்ததும் நான் செய்த முதல் காரியம், புது நாற்காலிக்கு எழுதிப்போட்டதுதான். வெள்ளிக்கிழமை, அலுவலகம், காலை பத்தரை மணி. பழைய நாற்காலிதான் காரணம் என்று முடிவு செய்து, பட்டணத்துக் கடை ஒன்றின் சீமைச் சாமான் விலைப்பட்டியலில் ஸ்பிரிங் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மாலையில் காய்ச்சல் நூற்று மூன்று. நான்காம் நாள் நெற்றியில் முத்துப் போட்டது. பெரியம்மை.

இதே நோயில் கிடப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று என் நாட்குறிப்பைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் தலைமைக் குமாஸ்தா. வீடு தல்லாகுளத்தில். எங்கள் துரையின் பசுமலை பங்களாவில் எது புதிதாக வந்தாலும், அதில் சிறியது ஒன்று சில மாதங்களில் என் வீட்டுக்கும் வந்துவிடும். சாப்பாட்டு மேசை, கிராமபோன், சாப்பிட அழைக்கும் பித்தளை மணி. துரையைப் போலவே பத்திரிகையை விரித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் சாப்பிடுவேன்.

ஒருமுறை அவர் தன் புது ரேடியோவைத் தடவியபடி சொன்னார்: "சீமையிலும் எனக்கு வீடு நிறையச் சாமான் இருக்கிறது. எதற்குச் சேர்த்தேன் என்றுதான் தெரியவில்லை." அன்றைய நாட்குறிப்பில் ரேடியோவின் நீள அகலம் மட்டுமே இருக்கிறது.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தாளிப்பு நின்றது. அம்மை கண்டவர் உடம்பில் அம்மனே இறங்கியிருப்பதாக எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் என் மனைவி செல்லம்மாள் என்னைத் 'தாயே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆறு குமாஸ்தாக்களை நடுங்க வைத்தவன் நான்.

"தாயே, கொஞ்சம் நுங்கு தரட்டுமா?"

"நான் உன் புருசன்."

"தாயி கோவிச்சுக்கிறாக. மோரு ஊத்துங்கடி!" என்று எங்கள் பெண்களுக்குக் குரல் கொடுத்தாள்.

ஏழாம் நாள் இமைகள் வீங்கி, இரண்டு கண்களும் மூடிக்கொண்டன. டாக்டர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். போரிக் தண்ணீரால் (புண் கழுவும் மருந்து நீர்) கண்களைத் துடைத்தார்.

"கார்னியாவில் (கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற சவ்வு) புண் வந்தால் பார்வை போய்விடும். வீக்கம் வடியட்டும். அதற்கு முன்னால் நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

அவர் போனபின் செல்லம்மாள் என் கையில் மேசை மணியை வைத்தாள். "அரிச்சா அடிங்க. வேப்பிலையால தடவி விடுறேன். கோயில்னா மணி இல்லாமயா?"

இருட்டில் என் சாமான்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மேசை, கிராமபோன், தொப்பி. எதன் மேலும் மனம் நிற்கவில்லை. துரை சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மணியை அடித்தேன். வளையல் சத்தம் வந்தது. அன்று பலமுறை அடித்தேன். பாதி நேரம் அரிப்பே இல்லை.

பன்னிரண்டாம் நாள் நாற்காலி வந்தது. தாய் இருக்கும் வீட்டுக்குள் புதுச் சாமான் வரக்கூடாது என்று அதைக் கொல்லையில், வைக்கோல் கட்டோடு போட்டார்கள்.

பதினைந்தாம் நாள் வீக்கம் வடிந்தது. டாக்டர் இமைகளைக் கழுவித் திறந்தார். எல்லாமே பால் நிறம். பிறகு அதன் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

"என்ன தெரிகிறது?" என்றார் டாக்டர்.

"மூக்குத்தி. சிவப்புக் கல். இது எப்போ வாங்கினது?"

செல்லம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "இருபது வருசமா இந்த மூக்குலதேன் இருக்கு, தாயே!"

டாக்டரும் சிரித்துவிட்டார். வலது கண் முழுதும் பிழைத்தது. இடது கண்ணில் மெல்லிய புகை நின்றுவிட்டது.

பொருக்குகள் உதிர்ந்து, மூன்றாம் தண்ணீரும் தலைக்கு ஊற்றியபின் கொல்லைக்குப் போனேன். நாற்காலியில் பூனை நான்கு குட்டி போட்டிருந்தது. இன்னும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

முன்பெல்லாம் சவரத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். இப்போது பதினைந்து. கத்தி ஒவ்வொரு அம்மைத் தழும்பிலும் நின்று போகிறது. நானும் நின்று போகிறேன். சாப்பாடு தரையில், எல்லோரோடும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைக்கவில்லை.

இன்று மாலை மணியை அடித்தேன். செல்லம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்ன வேணும், தாயே?" என்றாள்.

ஒன்றும் வேண்டாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.