குளிரும் அவருக்கும் வேர்க்கும் எனக்கும் ஒரே கார்

என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். திண்டிவனத்திலிருந்து காரில் நான்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். மெஷினை விட்டு எழுந்து வந்ததும் அவருக்கு அப்படி ஒரு குளிர் எடுக்கும். நான் நேர் எதிர். மாதவிலக்கு நின்ற வயது. மார்கழியிலும் முதுகு வேர்த்துக் கொட்டும்.

வெயில் நாட்களில் அவரோடு திரும்பும்போது மட்டும் ஏசி போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சமாளித்தோம். அடைமழை பிடித்ததும் வம்பு வந்தது. கண்ணாடியை ஏற்றினால் மூச்சுக்காற்றில் முன்கண்ணாடி மங்கிப்போய் முன்னே போகிற லாரி தெரியாது. ஏசி போட்டால் கண்ணாடி தெளியும், இவர் கிடுகிடுவென்று நடுங்குவார். கேட்டால் "ஒண்ணும் இல்ல, ஓட்டு" என்பார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கி அவர் மடியில் வைப்பேன். தின்னக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. அதனால் சூட்டுக்காக மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார். வீடு வந்ததும் ஆறிப்போனதை நான் தின்பேன்.

காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஒருநாள்தான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அதை யார் போட்டார்கள்? குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். காற்று வந்தது, சூடு வரவில்லை. எஞ்சின் சூடு காட்டும் முள் சரியாகத்தான் நின்றது. கூலன்ட்டும் குறையவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. வீட்டுக்கு வந்து செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போய்வர இரண்டு ரப்பர் குழாய் இருக்க வேண்டுமாம். எங்கள் காரில் இரண்டையும் கழற்றி ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஹீட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் எஞ்சினுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது, இவரையும் வைத்துக்கொண்டு நேராக எங்கள் மெக்கானிக் கடையில் போய் நிறுத்திப் பானெட்டைத் திறந்து காட்டினேன்.

"எவன்யா இந்த வேலையப் பாத்தது?"

"நான்தாங்க்கா," என்றார் மெக்கானிக். "ரெண்டு மூணு வருசம் இருக்கும், சார்தான் செய்யச் சொன்னாரு. ஹீட்டரு காத்த அடைக்கிற மூடி சரியா மூடல, சூடு கசிஞ்சி ஏசில கலந்துக்கினு இருந்திச்சி. 'அவளுக்கு வேர்வையே ஆவாதுப்பா, லைனையே கட் பண்ணிடு'ன்னாரு. இங்க நெறைய வண்டிக்கு இப்டித்தாங்க்கா பண்றோம். ஹீட்டரு யாரு போடறாங்க?"

நான் காருக்குள் பார்த்தேன். இவர் சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மல்லாட்டைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிக்கினேவா இத்தினி நாளா நடுங்கிக்கினு வந்தீங்க? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ லைனைத் திரும்பச் சேக்கச் சொல்லிடுவ. அப்புறம் வெயில் காலத்துல நீதான் வெந்து போவ."

அழுகை வந்தால் நான் திட்டுகிற ஜாதி. புத்தி இருக்கிறதா, மனுஷன்தானா என்று நடுக்கடையில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டு, நான் ஓய்ந்ததும் வந்தார்.

"சேத்துடலாங்க்கா. ஆனா மூடிய மாத்தணும்னா டேஷ்போர்டையே பிரிக்கணும், பேஜாரு. அது இல்லாம விட்டா, வெயில்ல ஏசி கூலிங் கம்மியாத்தான் இருக்கும். பரவால்லியா?"

"பரவால்ல, சேருப்பா."

"அவளுக்கு வேர்க்கும்பா," என்றார் இவர் உள்ளேயிருந்து. அதை நாங்கள் இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளன்றும் மழைதான். குமிழைச் சிவப்புக்குத் திருப்பினேன். முதலில் பழைய தூசி நாற்றம் வந்தது, பிறகு நல்ல சூடாகக் காற்று வந்தது. முன்கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. டோல்கேட்டில் வாங்கிய மல்லாட்டையைச் சுடச்சுட நானே உரித்துத் தின்றேன். இவர் சால்வையை எடுத்துப் பின்சீட்டில் போட்டார். அவர் அப்படிச் செய்து பார்த்து எத்தனை நாளாயிற்று! என் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது, நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. நான் முந்தானையால் துடைத்த நேரம் பார்த்து, இவர் கை மெதுவாகக் குமிழ்ப் பக்கம் போனது.

"கைய எடுங்க!" என்று அதன்மேல் பட்டென்று ஒன்று போட்டேன்.

கை சூடாக இருந்தது.