பின்வாசல் சலவையகம்

என் வீட்டுக்காரருக்குக் கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டிகூட மறந்துபோகும். எங்கள் குடும்பப் பெயர் பின்வாசல். கடைப் பலகையிலும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார். துணி வாங்க வந்தவர் தெரியாத்தனமாக "இதென்னங்க பேரு?" என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் நூல் ஆலை தீப்பிடித்தபோது, அங்கே காவல்காரராக இருந்த இவருடைய தாத்தா பின்வாசலைத் திறந்து அத்தனை பேரையும் காப்பாற்றினாராம். அதனால் வந்த பட்டமாம். சொல்லச் சொல்லப் பிழைத்தவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் விட்ட இடத்தில் எடுத்துக் கொடுப்பேன்.

மகளின் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களிடமும் மனுஷன் அதையே அவிழ்த்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது எங்கள் இருவரை மட்டும் மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு எங்கப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு. உங்க தாத்தா பின்வாசல் வழியா ஓடினவரு, தீ துரத்திட்டு வரும்னு பயந்து வெளிய தாழ் போட்டுட்டாரு. அதுக்கு வச்ச பேருங்க அது. பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணத்துல மட்டும் இந்தக் கதைய எடுக்காதீங்க. அப்பா முன்வரிசையில உக்காந்திருப்பாரு."

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் போன பிறகு, இதெல்லாம் தெரியுமா என்று இவரைப் பிடித்து உலுக்கினேன். தெரியாதாம். அந்தப் பெயரை யாராவது சொன்னாலே இவருடைய அப்பா எழுந்து போய்விடுவாராம். காரணம் கேட்கப் பயந்து, சின்ன வயதில் இவராகவே கட்டிய கதையாம். ஊருக்கெல்லாம் அதற்குத் தாளம் போட்டவள் நான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தாத்தாவை இரண்டு பேர் பிடித்து அழைத்துவந்தார்கள். இரண்டு கைகளிலும் தோல் வெந்து சுருங்கி, விரல்கள் மடங்காமல் நின்றன. கதவைத் தட்டிய கைகள். அந்தக் கைகளை என் மகள் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்தார். பிறகு இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் பின்வாசலா?"

நான் இவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆமாங்க" என்றார் இவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.