ஊதா மூடி போட்ட மருந்து

போன வருஷம் சித்திரை மாதக் கடைசி. சேத்தூருக்கு மேற்கே, மலையைப் பார்க்கப் போகிற மண்பாதையில், ஒரு பருத்தித் தோட்டத்தில் நடந்தது இது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். நான் ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் கேள்வி கேட்பவள். என்ன விதை போட்டீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள், பூச்சிக்கு என்ன மருந்து அடித்தீர்கள், விளைந்ததை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு, பதிலை டேப் என்கிற கைக் கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். விதைக் கம்பெனிகளும் மருந்துக் கம்பெனிகளும் அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் எதை எங்கே விற்பது என்று முடிவு செய்வார்களாம். அதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் ஸ்கூட்டியும் வெயிலும் தோட்டத்து நாய்களும்தான்.

அன்றைக்குக் கோடைப் பருத்தி போட்டவர்களைத் தேடிப் போயிருந்தேன். பாதை ஓரத்தில் ஒரு மாந்தோப்பு. அங்கே ஒரு பழ வியாபாரி தன்னுடைய சின்ன லோடு வண்டியில் மாங்காய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயசு, வெள்ளைத் தொப்பி, வேர்வையில் நனைந்த பனியன். கூட இருந்த ஆட்கள் ‘பாய்’ என்று கூப்பிட்டார்கள். வியாபாரிகளிடம் கேட்கவும் சில கேள்விகள் இருந்ததால் அவரிடம் போய் நின்றேன்.

“ஏம்மா, சப்பட்டை மாங்கா என்ன வெலைன்னு நீங்க எழுதிட்டுப் போனா வெல ஏறிருமா?” என்று சிரித்தார். “மதுரைக்கு ஏலத்துக்குப் போயிச் சேரணும், தங்கச்சி. லேட்டானா பழம் சீந்துவாரில்லாம போயிரும். இன்னொரு நாளைக்கு வாங்க, எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அவசரம் அவருக்கு. நானும் சரி என்று அடுத்த தோட்டத்துக்கு நடந்தேன்.

அங்கே ஒருவர் பருத்திக்கு மருந்து அடித்து முடித்து, முதுகில் இருந்த டேங்க்கை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசுக்குள்தான் இருக்கும். மூக்கை மறைத்து ஒரு துண்டு கட்டியிருந்தார், அவ்வளவுதான் பாதுகாப்பு. மேல்காற்று அடித்ததில் சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் மனைவி வாய்க்காலில் குடத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

நான் யாரென்று சொன்னதும், புங்கமரத்து நிழலில் சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். முகம் தெரியாத ஒருத்தி வெயிலில் வந்து நிற்கிறாளே என்ற இரக்கம் அந்த மனுஷனுக்கு.

“கேளுங்க, சொல்லுதேன். தலைதான் செத்த கிறுகிறுன்னு வருது.”

“காலையில ஒரு வாய் கஞ்சிகூட குடிக்கல. அதான் வெயிலு தாங்கல,” என்றார் மனைவி.

அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அது வெயிலாகத்தான் தெரிந்தது. விதையைப் பற்றிக் கேட்டேன், பதில் சொன்னார். உரத்தைப் பற்றிக் கேட்டபோது நெற்றியையும் வாயையும் துண்டால் துடைத்துத் துடைத்துப் பேசினார். அப்புறம் நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்றாக இருந்தது. போதும், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் நூலாக வழிந்தது. கை கால் எல்லாம் நடுங்கின.

“ஏங்க... இங்க பாருங்க... என்ன செய்யுது? ஐயோ, யாராச்சும் வாங்களேன்!”

அந்த அம்மா போட்ட சத்தத்தில் மாந்தோப்பில் இருந்து பாய்தான் முதலில் ஓடி வந்தார். பார்த்த உடனேயே சொன்னார்: “மருந்து ஏறிருச்சும்மா. முதல்ல சட்டையக் கழத்துங்க. ஒடம்புல தண்ணிய ஊத்துங்க.”

பாய் தன் ஊரில் ஒருவருக்கு இப்படி ஆனதை நேரில் பார்த்திருக்கிறார். சட்டையை உருவி எறிந்து, மோட்டார்க் குழாயை இழுத்து வந்து உடம்பைக் கழுவினோம். நான் 108-க்கு அடித்தேன். வண்டி வேறொரு கேசுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள்.

பாய் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தோப்பைப் பார்த்துத் திரும்பி, “ஏலே, பெட்டிய பூராவும் எறக்குங்கலே!” என்று கத்தினார். அரைமணி நேரமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டிகளை அவருடைய ஆட்கள் தடதடவென்று பாதை ஓரத்தில் இறக்கினார்கள். சில பெட்டிகள் சரிந்து காய்கள் உருண்டன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வைக்கோலை விரித்து, நோயாளியைத் தூக்கிப் படுக்கவைத்து, “ஒருக்களிச்சாப்ல புடிச்சுக்கோங்க, வாந்தி மூச்சுக்குழாய்க்குப் போயிரக் கூடாது,” என்று எங்களிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ராஜபாளையம் வரைக்கும் ஹாரனில் இருந்து கை எடுக்கவில்லை அவர். பின்னால் அந்த அம்மா புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். “கண்ணத் தொறங்க. பிள்ளைக்கு ஸ்கூலு தொறக்குமுன்ன பை வாங்கித் தாரேன்னு சொன்னியள்ல? அவ கேட்டா நான் என்ன சொல்ல? கண்ணத் தொறங்க...” நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் என் கைக்குள் வெட்டி வெட்டி இழுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது ஒரு இளம் டாக்டர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், உடனே ஊசி போட ஆரம்பித்தார். ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: “என்ன மருந்து அடிச்சார்? பாட்டில் கொண்டு வந்திருக்கீங்களா?”

ஆளைத் தூக்குகிற பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

“பேரு தெரியுமாம்மா?”

“அவியதான் கடையில வாங்கியாந்தாவ. பேரு பெருசா இங்கிலீசுல கெடக்கும், தமிழு எறும்பு கணக்கா இருக்கும். நான் எங்கிட்டு வாசிக்க?” அந்த அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“முதலுதவி குடுத்தாச்சு. ஆனா என்ன மருந்துன்னு தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்,” என்றார் டாக்டர்.

“நான் போயி எடுத்தாரேன்,” என்று பாய் மறுபடி வண்டிக்கு ஓடினார்.

அப்போதுதான் என் தோளில் தொங்கிய டேப் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கேள்விகளில் ஒரு பகுதி படங்கள். இந்தப் பக்கம் விற்கும் பூச்சிமருந்து பாட்டில்களின் படத்தை வரிசையாகக் காட்டி, இதில் எதையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள், எதை வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்போம். எந்த டப்பா மனசில் நிற்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

டேப்பைத் திறந்தேன். பாதியில் நின்ற பேட்டி அப்படியே இருந்தது. ஆனால் அது நேராகப் படத்துக்குப் போக விடாது. முன்னால் உள்ள கேள்விகளுக்குப் பதில் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். உரம் எப்போது வைத்தீர்கள்? தெரியாது. யார் சொல்லி வாங்கினீர்கள்? தெரியாது. தெரியாது, தெரியாது என்று அழுத்திக்கொண்டே போனேன். அவசரத்தில் ஒரு தடவை முந்தைய பக்கத்துக்கு வேறு போய்விட்டது. உள்ளே ஒரு உயிர் ஊசலாட, இந்த டேப் என்னிடம், வாங்கிய மருந்தில் திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது. எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது எனக்கு.

ஒருவழியாகப் படங்கள் வந்தன. அந்த அம்மாவின் முன்னால் நீட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இது இல்லை. இதுவும் இல்லை. பிறகு ஒரு படத்தில் கை நின்றது. நிம்மதியாக மூச்சு விடப் போனேன், அதற்குள் அவர் அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “இதுவும் அதே மாதிரிதான இருக்கு,” என்றார். உண்மைதான். அதே மஞ்சள், அதே இலைப் படம். ஒரு கம்பெனி பாட்டில் நன்றாக ஓடினால் இன்னொரு கம்பெனி அதே சாயலில் ஒன்றை இறக்கிவிடும்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவர் கண்ணை மூடி ஒரு நொடி நின்றார்.

“மூடி ஊதா,” என்றார். “ஊதாதான். நேத்து எம்மவ அந்த மூடிய வெளையாட எடுத்தா. நான்தான் கையில ஒரு அடி போட்டுப் புடுங்குனேன். அழுதா பிள்ள. ஊதாதான் தாயி, சத்தியமா.”

ஒன்றுக்குத்தான் ஊதா மூடி. இன்னொன்றுக்குச் சிவப்பு. படத்தை அழுத்தினால் மருந்தின் பெயரும் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் வரும். டேப்போடு டாக்டரிடம் ஓடினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நல்லா ஞாபகம் இருக்கா என்று மறுபடி கேட்டார். இந்த மருந்து முதலில் அடங்கின மாதிரித் தெரியும், இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட மூச்சை அமுக்கலாம், அதனால் மெஷின் வசதி இருக்கிற மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் நல்லது என்றார். ஆம்புலன்சுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போது பாய் மூச்சு வாங்க ஓடி வந்தார். பாலிதீன் பையில் சுற்றிய காலி பாட்டில். அதே மஞ்சள், அதே இலை, அதே பெயர். டாக்டர் தலையை ஆட்டினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எங்கள் சூப்பர்வைசரிடம் இருந்து போன். பருத்தித் தோட்டத்தில் ஆரம்பித்த பேட்டி ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் முடிந்திருப்பதாக அவருடைய ஸ்க்ரீனில் காட்டியிருக்கிறது. வரிசையாகத் தெரியாது என்று வேறு போட்டிருக்கிறேன். யாரையும் கேட்காமல் உட்கார்ந்த இடத்தில் நானே எழுதிவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம். நடந்ததைச் சொன்னேன். “அந்தப் பேட்டியைக் கணக்குல இருந்து நான் நீக்கிடுறேன். நீங்க முதல்ல ஏதாவது சாப்பிடுங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போங்க,” என்றார். வேலையில் சேர்ந்ததில் இருந்து அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசியது அன்றைக்குத்தான்.

டாக்டர் பயந்தது போலவே ஆனது. மதுரையில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தேறி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். அதற்கு மறுநாள் மூச்சு இழுக்க முடியாமல் தலை தொங்கிவிட்டது. தயாராக இருந்ததால் உடனே மெஷினில் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் வழியில் என்ன நடந்திருக்கும் என்று அந்த அம்மா போனில் சொல்ல ஆரம்பித்தார், சொல்லி முடிக்கவில்லை.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார், குரலும் கொஞ்சம் கரகரத்தது. ‘வாங்க’ என்று எழுந்திருக்கப் பார்த்தவரை மனைவி தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மகள் புதுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாயும் வந்துவிட்டார். மதுரைக்கு லோடு கொண்டு போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். அன்றைக்கு இறக்கிப் போட்ட பழமெல்லாம் வெயிலில் கனிந்து ஏலத்துக்கு ஆகாமல் போய்விட்டது என்று அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பாயிடம் கேட்டேன்.

“நம்மகிட்ட வண்டி இருந்துச்சு, கொண்டு போனோம். அம்புட்டுதான்,” என்று சொல்லிவிட்டு, அந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்தார். “நீங்க அந்தக் கம்பெனிக்காரவியகிட்ட எல்லாம் பேசுவியளாமே. பேர தமிழ்ல பெருசா போடச் சொல்லுங்க தாயி. எங்கள மாதிரி பொம்பளைகளும் வாசிக்கிற மாதிரி,” என்றார்.

நான் அவர்களிடமெல்லாம் பேசுகிற ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் எங்கள் கேள்விகளின் கடைசியில் ‘வேறு கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதை யாரும் நிரப்புவதில்லை. அடுத்த நாள் அதில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். யாராவது வாசித்தார்களா, தெரியாது.

வீட்டில் விதை, மருந்து வாங்குவதை முடிவு செய்பவர் யாரோ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அநேகமாக அது ஆண்தான். இப்போதும் அவர்களிடம்தான் கேட்கிறேன். ஆனால் கேட்டு முடித்த பிறகு, சற்றுத் தள்ளி நிற்கிற வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு, அந்தப் படங்களை ஒரு முறை காட்டி, வீட்டில் எது இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுக்கிறேன். என்றைக்காவது ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வி வந்தால், பதில் சொல்ல அங்கே நிற்கப்போவது அவர்தானே.